பேரல்ல ஓட்டை போட்டா துப்பாக்கி துள்ளாதா? லாபம் என்ன, விலை என்ன

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம் இது. பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இன்னிக்கு ஒரு சின்ன கேள்வியில ஆரம்பிக்கலாம். பிஜிஎம்ஐ ஆடும்போது கீழ ஒரு கம்பென்சேட்டர் கிடந்தா என்ன பண்ணுவீங்க? யோசிக்காம எடுத்து மாட்டுவீங்க. ரீகாயில் குறையும், ஸ்பிரே நேரா போகும். அதுக்கு நீங்க என்ன விலை கொடுத்தீங்க? ஒண்ணும் இல்ல. சத்தம் கூடல, கண்ணுல புகை அடிக்கல, குண்டோட வேகம் குறையல. கேம் உங்ககிட்ட பில்லே நீட்டல.

நிஜ துப்பாக்கி அப்படி இல்ல. அங்க பில் கண்டிப்பா வரும். இன்னிக்கு அந்த பில்லைத்தான் வரிவரியா படிக்கப் போறோம். எடுத்துக்கிட்ட விஷயம், கைத்துப்பாக்கி பேரல்ல துளை போடுறது. அமெரிக்காவுல இதுக்கு 'போர்ட்டிங்'னு பேரு. துப்பாக்கிக் கடையிலயும் ரேஞ்சிலயும் இதைப் பத்தி சண்டையே நடக்கும். ஒருத்தர் "இது இல்லாம சுடவே மாட்டேன்"னு சொல்வாரு, பக்கத்துல இருக்கிறவரு "இதை இடுப்புல வச்சுக்கிறது பைத்தியக்காரத்தனம்"னு சொல்வாரு. ரெண்டு பேரும் பொய் சொல்லல. அது எப்படி சாத்தியம்னு பார்ப்போம்.

முன்கூட்டியே ஒண்ணு. இது செய்முறை எபிசோட் இல்ல. எங்க துளைக்கணும், எவ்ளோ துளைக்கணும்னு சொல்லப் போறதில்ல. ஏன்னு கடைசியில சட்டத்தைப் பத்திப் பேசும்போது புரியும்.

துப்பாக்கி ஏன் துள்ளுது?

ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். ஒண்ணு, பின்னால உதைக்கிறது. இன்னொண்ணு, வாய் மேல எழும்புறது.

உதை ஏன் வருது? நியூட்டனோட மூணாவது விதி. குண்டு முன்னால போகுது, துப்பாக்கி பின்னால வருது. இங்க பலரும் விட்டுடுற ஒரு விஷயம் இருக்கு. முன்னால போறது குண்டு மட்டும் இல்ல. எரிஞ்ச பவுடரும் வாயுவா மாறி, குண்டுக்குப் பின்னாடியே பாய்ஞ்சு போகுது. அதுவும் சேர்ந்துதான் உங்க கையை உதைக்குது.

ஒரு தோராயக் கணக்கு போடலாம். சாதாரண 9 எம்எம் தோட்டாவுல குண்டோட எடை 115 கிரெயின், அதாவது ஏழரை கிராம் அளவு. வேகம் வினாடிக்கு சுமார் 350 மீட்டர். பின்னாடி இருக்கிற பவுடர் அரை கிராம்கூட இல்ல, அதுல பாதியைக் கொஞ்சம் தாண்டும். ஆனா அந்த வாயு குண்டைவிட மூணு மடங்கு வேகத்துல வெளிய வருது. பெருக்கிப் பார்த்தா, மொத்த உதையில வாயுவோட பங்கு எட்டுல ஒண்ணு மாதிரி வரும். மீதி எட்டுல ஏழு பங்கு குண்டோடது.

இப்போ .44 மேக்னம் மாதிரி ஒரு பெரிய ரிவால்வரை எடுத்துக்கோங்க. குண்டு 240 கிரெயின், பதினஞ்சரை கிராம். பவுடர் கிட்டத்தட்ட ஒன்றரை கிராம். இங்க வாயுவோட பங்கு ஐந்துல ஒண்ணுக்குப் பக்கமா போயிடும். இந்த ரெண்டு எண்ணையும் மனசுல வச்சுக்கோங்க. பின்னாடி வேணும்.

அடுத்தது வாய் எழும்புறது. பேரல் உங்க கைக்கு மேல இருக்கு. உதை வர்ற கோடும் கைக்கு மேலதான் இருக்கு. அதனால துப்பாக்கி நேரா பின்னால வராம, மணிக்கட்டை அச்சா வச்சு மேல சுத்துது. குறி வானத்தைப் பார்க்குது. அடுத்த தோட்டாவை சுடணும்னா அதை மறுபடி கீழ இறக்கிட்டு வரணும். போட்டியில நேரம் போறது அங்கதான்.

துளை என்ன பண்ணுது?

வீட்டுல குக்கர் விசில் அடிக்கிறதை நினைச்சுக்கோங்க. உள்ள இருக்கிற நீராவி மேல பீறிட்டுக் கிளம்புது. நீராவி மேல போகும்போது குக்கரைக் கொஞ்சம் கீழ அமுக்கும். குக்கர் கனமா இருக்கிறதால, அடுப்பு மேலயே உக்காந்திருக்கிறதால நமக்கு அது தெரியறதில்ல. குக்கருக்குள்ள கூடுதல் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அளவு. 9 எம்எம் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை வச்சிருக்கிற உச்ச வரம்பு 35,000 பவுண்டு. ரெண்டாயிரம் மடங்குக்கு மேல!

குண்டு பேரலோட முன் பகுதிக்கு வர்றதுக்குள்ள இந்த அழுத்தத்துல பெரும்பகுதி குறைஞ்சிடும். இருந்தும் அது குக்கரைவிட சில நூறு மடங்கு இருக்கும். பேரலோட மேல்பக்கத்துல, வாய்க்குக் கொஞ்சம் முன்னாடி துளை இருந்தா, குண்டு அதைத் தாண்டின அடுத்த கணமே வாயு அது வழியா மேல பீறிடும். மேல பீறிடுற வாயு பேரலைக் கீழ தள்ளும். எழும்பப் பார்க்கிற வாயை அமுக்கிப் பிடிக்கும். தத்துவம் அவ்வளவுதான்.

இப்போ அந்த எட்டுல ஒரு பங்கை ஞாபகப்படுத்திக்கோங்க. துளையால வேலை வாங்க முடியறது வாயுகிட்ட மட்டும்தான். குண்டோட உதையை அது தொடக்கூட முடியாது. அதனால 9 எம்எம் துப்பாக்கியில "உதை பாதியா குறைஞ்சிடும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க, கணக்கு இடிக்குது. குறையறது முக்கியமா வாய் எழும்புறதுதான். சுடுறவருக்கு அது பெரிய வித்தியாசமா தெரியும். ஆனா பின்னால வர்ற உதை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும்.

இன்னொரு விளைவும் இருக்கு. வாயு அதிகமா, அழுத்தமா இருந்தா துளை நல்லா வேலை செய்யும். .45 ஏசிபி தோட்டாவோட உச்ச வரம்பு 21,000 பவுண்டுதான். அதுல துளையோட பலன் கம்மி. மேக்னம் வகையில பலன் நல்லா தெரியும். எல்லா துப்பாக்கிக்கும் ஒரே லாபம் கிடையாது.

போர்ட்டிங் வேற, கம்பென்சேட்டர் வேற

இதை நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. கம்பென்சேட்டர்ங்கிறது பேரல் முடிஞ்ச இடத்துக்கு அப்புறம் மாட்டுற தனி உறுப்பு. குண்டு முழு பேரலையும் தாண்டி, வேகம் எல்லாம் எடுத்த பிறகுதான் அதுக்குள்ள நுழையும். அதனால குண்டோட வேகத்துல கை வைக்காது. ஆனா துப்பாக்கியோட நீளம், எடை ரெண்டும் கூடும், உறையும் மாத்தணும்.

போர்ட்டிங்ல எதையும் மாட்டறதில்ல, பேரலையே வெட்டுறாங்க. நீளம் கூடாது, பழைய உறையே போதும். ஆனா குண்டு இன்னும் பேரலுக்குள்ள இருக்கும்போதே வாயு தப்பிச்சிடுது. தள்ளுறதுக்கு ஆள் குறைஞ்சா வண்டி வேகம் குறையும்ல? அதே கதை. துளை இருக்கிற இடத்தோட பேரல் முடிஞ்சு போன மாதிரி ஒரு விளைவு. எவ்ளோ குறையும்ங்கிறது துளையோட அளவு, இடம், தோட்டா வகையைப் பொறுத்தது.

ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழியும் இப்போ பிரபலமா இருக்கு. 2022-ல வந்த சிக் சாவர் பி365 எக்ஸ்மேக்ரோவை எடுத்துக்கிட்டா, பேரல் 3.1 அங்குலம்தான். ஸ்லைடு அதைத் தாண்டி நீண்டு, அந்தக் கூடுதல் பகுதியில மேல திறப்பு வச்சிருக்காங்க. பேரல்ல துளையும் இல்ல, வெளிய துருத்துற உறுப்பும் இல்ல. ஆனா அங்கயும் விலை இருக்கு. அதே நீள ஸ்லைடுக்குள்ள இன்னும் நீளமான பேரல் வச்சிருக்கலாம், அந்த வேகத்தை விட்டுக்கொடுத்துட்டாங்க.

கோயம்புத்தூர் டூல் ரூமுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

போர்ட்டிங் அமெரிக்காவுல பரவலானதுக்கு முக்கியமான ஒரு ஆள் லாரி கெல்லி. மிச்சிகன் மாநிலத்துக்காரர், கைத்துப்பாக்கியால வேட்டையாடுறதுல பேர்போனவர். அவரோட மேக்-நா-போர்ட் நிறுவனம் 1970-கள்லருந்து இந்த வேலைக்குப் பேர் வாங்குச்சு. பேரோட பின்பாதியிலயே 'போர்ட்' இருக்கு பாருங்க.

அவங்க டிரில் பிட் வச்சுத் துளைக்கல. இடிஎம்னு ஒரு முறை. உங்கள்ல மெக்கானிக்கல் படிச்சவங்களுக்குத் தெரியும். கோயம்புத்தூர்லயும் அம்பத்தூர்லயும் மோல்டு, டை செய்யற டூல் ரூம்கள்ல அந்த மெஷின் இருக்கும். ஒரு எலக்ட்ரோடையும் உலோகத்தையும் திரவத்துல வச்சு, நடுவுல மின்பொறியை ஓடவிட்டு, பொறி பொறியா உலோகத்தை அரிச்செடுக்கிற முறை. கருவி உலோகத்தைத் தொடறதே இல்ல.

அது ஏன் முக்கியம்? பேரலுக்குள்ள குண்டைச் சுழல வைக்கிற வரிப்பள்ளங்கள் இருக்கு. டிரில் போட்டா துளையோட உள்விளிம்புல பிசிறு நிக்கும். ஒவ்வொரு குண்டும் அந்தப் பிசிறுல உரசிக்கிட்டே போகும். குறி கெடும், குண்டோட மேலுறை சீவுப்படும். இடிஎம்ல அந்தப் பிசிறு பிரச்சினை இல்ல, கடினப்படுத்தின எஃகையும் அது அரிக்கும். "ஓட்டை போடுறது என்ன பெரிய விஷயம்"னு கேட்கிறவங்களுக்கு இதுதான் பதில்.

அப்புறம் தொழிற்சாலையிலருந்தே துளையோட வர ஆரம்பிச்சது. க்ளாக் 17சி, 19சி மாதிரி மாடல்கள்ல பேரோட கடைசியில ஒரு 'சி' இருக்கும். பேரல்ல ரெண்டு பிளவு, அதுக்கு நேரா ஸ்லைடுலயும் திறப்பு. டாரஸ் ரேஜிங் புல் மாதிரி பெரிய ரிவால்வர்கள்லயும் பேரல்ல துளை வரிசையைப் பார்க்கலாம்.

லாபக் கணக்கு

முதல் லாபம், அடுத்த தோட்டா சீக்கிரம் வரும். வாய் கம்மியா எழும்பினா குறி சீக்கிரம் திரும்பும். ரெட் டாட் வச்சு சுடுறவங்களுக்கு இது ரொம்பவே முக்கியம். வாய் ரொம்ப எழும்பினா அந்தச் சிவப்புப் புள்ளி கண்ணாடியை விட்டே வெளிய போயிடும். துளை இருந்தா புள்ளி கண்ணாடிக்குள்ளயே குதிச்சுத் திரும்பும்.

ரெண்டாவது, பெரிய ரிவால்வரைக் கட்டுப்படுத்த முடியும். அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல கைத்துப்பாக்கி வேட்டைக்கு அனுமதி உண்டு. .44 மேக்னம் கையில துள்ளும்போது மணிக்கட்டுக்கு வர்ற வலி சாதாரணமா இருக்காது. வலிச்சா மனுஷன் என்ன பண்ணுவான்? அடுத்த முறை சுடுறதுக்கு முன்னாடியே கை தானா சிலிர்த்துக்கும், குறி தவறும். வாய் எழும்புறதைக் குறைச்சா அந்தப் பயம் குறையும். ஐந்துல ஒரு பங்குன்னு சொன்னேன்ல, அது இங்கதான் வேலை செய்யுது.

மூணாவது, முன்னாடியே சொன்னதுதான். நீளம் கூடாது, எடை கூடாது, கழண்டு விழ எதுவும் இல்ல.

நாலாவது, போட்டி. இங்க ஒரு சுவாரஸ்யமான சுழற்சி இருக்கு. அமெரிக்காவோட யுஎஸ்பிஎஸ்ஏ போட்டிகள்ல 'பவர் ஃபேக்டர்'னு ஒரு எண் உண்டு. குண்டோட எடையை கிரெயின்லயும், வேகத்தை வினாடிக்கு அடியிலயும் எடுத்துப் பெருக்கி, ஆயிரத்தால வகுக்கணும். ஓப்பன் பிரிவுல 165 வந்தா 'மேஜர்'. நடுவுல படாம ஓரத்துல பட்டாலும் மேஜருக்கு ஒரு புள்ளி கூட கிடைக்கும். 124 கிரெயின் குண்டு 1,331 அடி வேகத்துல போனா 165 சரியா தொடும். இப்போ துளையால 50 அடி வேகம் போச்சுன்னு வச்சுக்கோங்க. 1,281 பெருக்கல் 124, 158.8. மேஜர் போச்சு!

அதை சரிக்கட்ட பவுடரைக் கூட்டுவாங்க. பவுடர் கூடினா வாயு கூடும். வாயு கூடினா துளை இன்னும் நல்லா வேலை செய்யும். அதனால ஓப்பன் பிரிவுல துளையும் கம்பென்சேட்டரும் நஷ்டமே இல்லாத மாதிரி தெரியும். ஆனா அந்தத் துப்பாக்கி, அந்தத் தோட்டா எல்லாமே அந்த ஒரு வேலைக்குன்னே அமைச்சது. அதே போட்டியோட புரொடக்ஷன் பிரிவுக்கு அந்தத் துப்பாக்கியைக் கொண்டு போனா உள்ளயே விடமாட்டாங்க. அங்க துளையும் கூடாது, கம்பென்சேட்டரும் கூடாது.

விலைப்பட்டியல்

வேகக் குறைவைப் பத்திப் பேசியாச்சு. மீதியைப் பார்ப்போம்.

சத்தம். கைத்துப்பாக்கி சத்தம் பொதுவா 150 டெசிபலைத் தாண்டும். 140-ஐத் தாண்டினாலே ஒரே வெடியில காது நிரந்தரமா பாதிக்கப்படலாம். சாதாரண பேரல்ல அந்த வெடிப்பு முன்னால, உங்களை விட்டு விலகிப் போகும். துளை இருந்தா அதுல ஒரு பங்கு மேல, உங்க முகத்துக்குக் கிட்டத்துல கிளம்புது. ரேஞ்சுல காதுக்கவசம் இருக்கும். நடுராத்திரி வீட்டுக்குள்ள யாரு அதை மாட்டிக்கிட்டுத் தூங்குவாங்க?

வெளிச்சம். துளை வழியா வர்ற வாயு சூடா இருக்கும், முழுசா எரியாத பவுடரும் கூட வரும். அது உங்க கண் பார்க்கிற கோட்டுலயே, குறிக்கு முன்னாடி பளிச்சுனு எரியும். கரண்ட் போனா கண்ணு இருட்டுக்குப் பழக எவ்ளோ நேரம் ஆகுதுன்னு நமக்குத் தெரியும். முழுசா பழக இருபது, முப்பது நிமிஷம்கூட ஆகும். ஒரு பளிச்சுல அது கலைஞ்சிடலாம். தற்காப்புக்குன்னு விக்கிற பல தோட்டாக்கள்ல வெளிச்சம் குறைவா வர்ற பவுடர் போடுறாங்க, அதனால இந்தப் பயம் பழைய காலம் அளவுக்கு இல்ல. ஆனா ரேஞ்சுல சுடுற மலிவுத் தோட்டாவுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

அடுத்ததுதான் எனக்கு முக்கியமா படுது. தற்காப்புப் பயிற்சியில, எதிராளி கைக்கெட்டுற தூரத்துக்கு வந்துட்டா துப்பாக்கியை நீட்டக் கூடாதுன்னு சொல்லித் தருவாங்க. நீட்டினா பிடுங்கிடுவான். அதனால விலா எலும்பு ஓரமா, உடம்போட ஒட்டிப் பிடிச்சு சுடப் பழக்குறாங்க. இப்போ அந்தத் துளையை நினைச்சுப் பாருங்க. அது எதைப் பார்த்து நிக்குது? உங்க தாடையை, உங்க கண்ணை. சூடான வாயு, எரியாத பவுடர் துகள், குண்டுலருந்து சீவுப்பட்ட உலோகத்துணுக்கு, எல்லாம் அந்த வழியா மேல வரும்.

போர்ட்டிங்கை ஆதரிக்கிறவங்க இதுக்கு ஒரு பதில் வச்சிருக்காங்க. "உடம்போட ஒட்டிப் பிடிக்கும்போது துப்பாக்கியைக் கொஞ்சம் வெளிப்பக்கமா சாய்ச்சுப் பிடிங்க, வாயு பக்கவாட்டுல போயிடும்"னு. சரிதான், ரேஞ்சுல நிதானமா நின்னு அதைச் செய்யலாம். ஒருத்தன் சட்டையைப் பிடிச்சு இழுக்கும்போது அந்தக் கோணம் ஞாபகம் வருமா? வரும்னு பந்தயம் கட்டுறவங்க பந்தயம் வைக்கிறது சொந்தக் கண்ணை. கண்ணு பாதுகாப்பா இருக்கணும்ங்கிறதுக்காகத்தான் ரேஞ்சுல கண்ணாடி கட்டாயம். தெருவுல அந்தக் கண்ணாடி கிடையாது.

அப்புறம் சின்னச் சின்ன செலவுகள். உறை போடாத ஈயக்குண்டை சுட்டா துளை விளிம்பு ஈயத்தைச் சீவும், துளை அடைக்கும். கரி படிஞ்சு முன் குறி கருத்துப்போகும், சுத்தம் பண்ற வேலை இரட்டிப்பு. தானியங்கிப் பிஸ்டல்ல ஸ்லைடு பின்னால போறதுக்கும் அதே உதைதான் வேணும். கொஞ்சம் உதை குறைஞ்சதும், பலவீனமான தோட்டா போட்டா ஸ்லைடு முழுசா போகாம மாட்டிக்கலாம். சைலன்சர் மாட்டவும் வழியில்ல, வாயுதான் அதுக்கு முன்னாடியே தப்பிச்சிடுதே. எல்லாத்துக்கும் மேல, பிடிக்கலன்னா கம்பென்சேட்டரைக் கழட்டிடலாம், பேரல்ல வெட்டின துளையை அடைக்க முடியாது. புது பேரல் வாங்கணும். ரிவால்வர்னா அதுவும் லேசுல மாத்துற விஷயம் இல்ல.

பக்கத்துல நிக்கிறவங்களையும் மறக்காதீங்க. ரேஞ்சுல பக்கத்துத் தடத்துல நிக்கிறவருக்கு சத்தமும் அதிர்வும் கூடுதலா போகும். லாபம் உங்களுக்கு, விலையில ஒரு பங்கு அவருக்கு.

ஒரே வீராங்கனை, ரெண்டு சட்டம்

இப்போ நம்ம ஊருக்கு வரலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டல்ல வெண்கலம் ஜெயிச்சாங்க. 25 மீட்டர் பிஸ்டல்ல நாலாவது இடம். நாம எல்லாரும் டிவி முன்னாடி நகம் கடிச்சுக்கிட்டு இருந்தோம். ஆனா கவனிக்காத ஒண்ணு உண்டு. 10 மீட்டர் ஏர் பிஸ்டல்ல துளை வச்ச பேரலுக்கு சர்வதேச விதி அனுமதி தருது. 25 மீட்டர்ல அதே துளை கூடாது, கம்பென்சேட்டரும் கூடாது.

ஏன் இப்படி? யோசிச்சா புரியும். ஏர் பிஸ்டல்ல ஒவ்வொரு ஷாட்டும் தனித்தனி. உதையே பேருக்குத்தான், சோதிக்கிறது அசையாம நிக்கிற திறமையை. துளையால ஓடி ஜெயிச்சிட முடியாது. 25 மீட்டர் ரேபிட் ஃபயரை எடுத்துக்கோங்க, 2012 லண்டன்ல நம்ம விஜய் குமார் வெள்ளி வாங்கின பிரிவு. கடைசிச் சுற்றுல நாலு வினாடிக்குள்ள அஞ்சு இலக்கை சுடணும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவுல எழும்புற வாயை அடக்குறதுதான் அங்க விளையாட்டே. துளையை விட்டா, அந்த வேலையை வீரருக்குப் பதிலா வாயு செய்யும்.

இது சும்மா ஊகம் இல்ல, அந்தக் காலமும் இருந்தது. முன்னாடி ரேபிட் ஃபயருக்கு .22 ஷார்ட்னு ரொம்ப மென்மையான தோட்டா போடுவாங்க. அந்தத் துப்பாக்கிகள் பலதுல பேரல்லயே துளை வரிசை இருக்கும். உதை கிட்டத்தட்ட தெரியவே தெரியாது. 2004 ஏதென்ஸோட அந்தக் காலம் முடிஞ்சு, 2005-லருந்து .22 லாங் ரைஃபிள் வந்தது, துளையும் போச்சு. கையில துள்ளல் திரும்ப வந்தது.

அப்போ யாருக்குத்தான் இது?

என் கணக்கு இது. ஓப்பன் பிரிவுல போட்டி போடுறவருக்கு லாபம் தெளிவு. கண்ணுல கண்ணாடி, காதுல கவசம், பகல் வெளிச்சம், தனக்கேத்த தோட்டா, எல்லாம் இருக்கு. விலைப்பட்டியல்ல இருந்த முக்கால்வாசி வரி அவருக்குப் பொருந்தாது. பெரிய ரிவால்வர் வேட்டைக்காரருக்கும் லாபம்தான், காதுக்கவசம் போடுற வரைக்கும்.

தற்காப்புக்குன்னு எடுத்துட்டுப் போறவருக்கு? கணக்கு தலைகீழ். அவருக்கு வேணும்ங்கிற அந்த ஒரு ராத்திரியில காதுக்கவசம் இருக்காது, கண்ணாடி இருக்காது, வெளிச்சம் இருக்காது, கையை நீட்ட இடமும் இருக்காது. துளையோட லாபம் ரேஞ்சுல பளிச்சுனு தெரியும், விலை அந்த ராத்திரிதான் தெரியும். ரேஞ்சுல ரெண்டு மேகசின் சுட்டுப் பார்த்துட்டு "சூப்பரா இருக்கு"னு வாங்குறவங்க தப்பு பண்ற இடம் இதுதான். சோதிச்ச இடம் வேற, பயன்படுத்தப் போற இடம் வேற. 9 எம்எம் மாதிரி தோட்டாவுல நல்ல பிடியும் பயிற்சியும் வாய் எழும்புறதைப் பெருமளவு அடக்கிடும். அதுக்கு எந்த விலையும் இல்லன்னு சொல்லமாட்டேன், பயிற்சித் தோட்டாவுக்குக் காசு வேணும். ஆனா அது உங்க கண்ணுல திரும்பி அடிக்காது.

கேட்ட கேள்வி ஒண்ணு

போன வாரம் இந்தத் தலைப்பைச் சொன்னதும் ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணா, நம்ம ஊர்ல லைசென்ஸ் வச்சிருக்கிறவங்க இப்படி மாத்திக்கலாமா?"

தம்பி, முதல்ல 9 எம்எம் இங்க தடைசெய்யப்பட்ட வகை. சாதாரண உரிமத்துல கிடைக்காது, அதனாலதான் நம்ம ஊர்ல .32 ரிவால்வர் அதிகம் பார்க்கிறோம். ரெண்டாவது, 1959-ம் வருஷ ஆயுதச் சட்டத்தோட அஞ்சாவது பிரிவு, ஆயுதத்தைத் தயாரிக்கிறது, விக்கிறதோட நிக்கல. மாத்தி அமைக்கிறது, பழுது பார்க்கிறதுக்கும் தனி உரிமம் வேணும்னு சொல்லுது. துப்பாக்கி வச்சுக்க உங்களுக்கு உரிமம் இருக்கு, அதுல கை வைக்க உரிமம் இல்ல. தெரிஞ்ச லேத் பட்டறையில கொடுத்து வாங்கினா கொடுத்தவரும் மாட்டுவார், செஞ்சவரும் மாட்டுவார். அதனாலதான் ஆரம்பத்துலயே சொன்னேன், இது செய்முறை எபிசோட் இல்லன்னு.

ஆனா விஷயம் தெரிஞ்சுக்கிட்டதுல ஒரு பயன் இருக்கு. அடுத்த முறை ஒலிம்பிக் பார்க்கும்போது ரேபிட் ஃபயர்ல வீரரோட முகத்தைப் பார்க்காதீங்க, மணிக்கட்டைப் பாருங்க. நாலு வினாடியில அது அஞ்சு முறை என்ன வேலை செய்யுதுன்னு இப்போ உங்களுக்குத் தெரியும்.

அப்புறம் இன்னிக்கு ராத்திரி கேம்ல கம்பென்சேட்டர் கிடைச்சா தாராளமா மாட்டுங்க. அங்க பில் வராது. கேள்விகளை வழக்கம்போல வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த வாரம் பார்க்கலாம்.